லோரியின் ரேடியேட்டர் நீர் வழிவது ஏன்?

(பாடாங் மேஹா வட்டார லோரி ஓட்டுநர்களுக்கு ஆற்றிய உரை)



கூலிம் மாவட்டத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ரப்பர்ப் பால் ஏற்றிச் செல்லும் லோரிகளே மிகுதியாக ஓடின. இன்று செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிகள் பெருகியுள்ளன. வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டும் என்பதைப் பாடாங் மேஹாவில் அறியாதார் இலர். காலம் தாழ்ந்தால் பழத்தில் அமிலம் பெருகி எண்ணெயின் தரம் கெடும். ஆகவே, ஒரு லோரி பாதி வழியில் நின்றுவிடுமானால், நட்டம் அதன் உரிமையாளருக்கு மட்டும் அன்று. அன்றைய குலையை வெட்டியவர், சுமந்தவர் அனைவரின் உழைப்பும் பாழாகிறது.

லோரியை அவ்வாறு நிறுத்திவிடும் பழுது ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். ரேடியேட்டருடன் இணைந்த நீர்க்கலத்திலிருந்து தண்ணீர் பொங்கி வழிகிறது. வழிந்த அளவுக்கு மீண்டும் ஊற்றிக்கொண்டு ஓட்டுவோர் பலர். மறுநாளும் வழிகிறது, மறுநாளும் ஊற்றுகிறார்கள். வேறு சிலரோ, உடனே எஞ்சினைப் பிரித்துப் பெருஞ்செலவு செய்கிறார்கள். இவ்விரண்டிற்கும் முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தண்ணீரை வெளியே தள்ளுவது வெப்பமா, காற்றா?

முதலில் இதன் அமைப்பைப் பார்ப்போம். எஞ்சின் சூடேறும்போது உள்ளிருக்கும் நீர் விரிவடைகிறது. விரிந்த நீர் தங்குவதற்கே அந்தக் கலம் உள்ளது. எஞ்சின் ஆறியதும் நீர் திரும்பவும் உள்ளே இழுக்கப்படுகிறது. இந்தப் போக்குவரத்தை ஆள்வது மூடியாகும். சாதாரணமாக நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். 0.9 என்று எண் பொறித்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், ஏறத்தாழ 118 பாகை வரையில் நீர் கொதிப்பதில்லை. கூலண்ட் கலந்திருந்தால் அந்த அளவு இன்னும் உயரும்.

இதிலேயே பெரும் அபாயமும் அடங்கியிருக்கிறது. சூடான எஞ்சினின் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அக்கணமே கொதித்து முகத்திலும் கையிலும் பாயும். துணியைப் போட்டுத் திறந்தாலும் தப்ப முடியாது. மேல்குழாயைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் தொட வேண்டும். எவருக்கேனும் கொதிநீர் பட்டுவிட்டால், புண்ணின்மேல் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடங்கள் விட்டு, தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அல்லது 999 எண்ணை அழையுங்கள். பற்பசை பூசுவது கூடாது.

இனி, காரணத்தைக் கண்டறியும் முறைக்கு வருவோம்.

கலத்தில் மேல்கோட்டிற்கு மேலாக நீர் ஊற்றியிருந்தால், மிகுதியானது ஒருமுறை வழிந்து நின்றுவிடும். இது பழுதன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரு கோடுகளுக்கும் இடையே நீர் நின்றால் போதும்.

வெப்பமானியின் முள் உயராமலே நீர் வழிந்தால், முதலில் மூடியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் ரப்பர் வெடித்திருக்கலாம்; வில் தளர்ந்திருக்கலாம். அதே எண் பொறித்த புதிய மூடியைப் போட்டுப் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

முள் உயர்ந்து, அதன் பிறகு நீர் வழிந்தால், குற்றவாளி வெப்பமே. செம்மண் தூசியும் செம்பனை நாரும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துக் காற்றோட்டத்தைத் தடுத்திருக்கலாம். எஞ்சின் பக்கமிருந்து மெல்லிய நீர்ப்பாய்ச்சலால் கழுவ வேண்டும். பேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வாட்டர் பம்ப் ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றிச் சூடாக்கிச் சோதிக்கலாம். அதில் 82 என்று பொறித்திருந்தால், நீர் அந்தப் பாகையை நெருங்கும்போது அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிடில் புதியது போடுங்கள். தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று எறிந்துவிடுவது தவறு. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் டீசல் வீணாகும், தேய்மானமும் மிகும்.

முள் சரியாக நிற்க, மூடியும் நன்றாயிருக்க, நீர்க்கலத்தில் குமிழிகள் எழுமானால், நீரைத் தள்ளுவது காற்று. பட்டறைகளில் உடனே ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காற்று பிரேக் உள்ள லோரிகளில் இன்னொரு வழியும் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரேக்கிற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரின் தலைப்பகுதியையும் பெரும்பாலும் எஞ்சின் நீரே குளிர்விக்கிறது. அங்கே காஸ்கெட் பழுதாகிவிட்டாலோ விரிசல் கண்டாலோ, அழுத்திய காற்று நேராக நீருக்குள் புகும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் காலையில் எளிய சோதனை ஒன்று செய்யலாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காற்றுத் தொட்டிகளை வழக்கம்போல் திறந்து காலி செய்து மூடுங்கள். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியை, அல்லது மூடி கலத்திலேயே இருக்குமாயின் அதனைத் திறந்துவைத்து, எஞ்சினை இயக்குங்கள். முகத்தை எட்ட வைத்துக் குமிழிகளைக் கவனியுங்கள். காற்றுமானி நிறையும் வரையில் குமிழி எழுந்து, நிறைந்து கம்பிரசர் ஓய்ந்ததும் நின்றுவிட்டால், பெரும்பாலும் பழுது கம்பிரசரில்தான். நிறைந்த பின்னரும் குமிழி ஓயாமல் எழுந்தால், ஹெட் காஸ்கெட்டையோ சிலிண்டர் தலையையோ ஆராய வேண்டும். நீர் சூடேறத் தொடங்கினால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அண்மையில் நீர் மாற்றியிருந்தால், உள்ளே தங்கிய காற்றும் சிறிது நேரம் குமிழியாக வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கம்பிரசர் பழுதென்றால் அதனை ஒத்திவைத்தல் ஆகாது. சுமையோடு இறங்கும் லோரியின் பிரேக் அதை நம்பியிருக்கிறது.

எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பி போலத் தோன்றினால், எண்ணெயில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த லோரியை ஓர் அடியும் ஓட்டாதீர்கள்.

ஆற்றுநீரையும் கால்வாய் நீரையும் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவற்றின் சேறும் உப்பும் உள்ளே படிந்து, அடுத்த ஆண்டின் பழுதுக்கு இன்றே வித்திடுகின்றன. தயாரிப்பாளர் குறிப்பிட்ட கூலண்டைத் தூய நீருடன் கலந்து ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும்.

ஒவ்வொரு லோரியிலும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். எந்நாளில் எவ்வளவு நீர் ஊற்றினோம், ஏற்றத்தில் வழிந்ததா, நின்றபோது வழிந்ததா, முள் எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள். பட்டறைக்குச் செல்லும்போது அந்தக் குறிப்பைக் காட்டினால், பழுதுபார்ப்பவர் தடுமாற மாட்டார். தேவையற்ற செலவையும் உங்கள்மேல் சுமத்த இயலாது. லோரியும் பிழைக்கும், ஓட்டும் கையும் புண்படாமல் வீடு திரும்பும்.