காட்டாற்றில் வரும் கட்டைகள்

செட்டியார்பட்டி மகாஜனங்களே!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேற்கு மலையில் மழை பிடித்தால், புதுவெள்ளத்தின் தலையில் சருகும் சுள்ளியும் நுரையோடு வருவதை யாவரும் கண்டிருக்கிறீர்கள். பின்னால் பெருங்கட்டைகள் வருகின்றன. அவை எங்கே, ஏன் தங்குகின்றன என்று அறிந்தாலன்றிக் கண்மாயைக் காப்பது சிரமம்.

காட்டில் விழுந்த மரம் ஓடையின் அகலத்தைவிட நீளமாயிருந்தால், இரு கரைகளிலும் ஊன்றிக்கொண்டு பல வருஷம் அங்கேயே கிடக்கும். குட்டையான கட்டையோ வெள்ளத்தோடு புறப்பட்டுவிடும். வேரோடு சாய்ந்த மரம் வேர்ப்பக்கம் பாறையில் மாட்டி நிற்பதுமுண்டு. கனமும் ஒரு காரணம். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. அதனால்தான் பர்மாவில் தேக்கின் அடியைச் சுற்றி வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் உலரவிட்டு, அப்புறமே வெட்டிச் சாய்த்து ஆற்றில் விட்டார்கள்.

ஒரு பெருங்கட்டை நின்றால் போதும். அதில் கிளை தங்கும், கிளையில் சுள்ளி, சுள்ளியில் சருகு. மலைக்குள் இவ்வடைப்பு பெரும்பாலும் நன்மையே செய்கிறது. நீரின் வேகம் தணிந்து மணல் படிகிறது. அடியிலுள்ள பள்ளத்தில் மீன்கள் ஒதுங்குகின்றன. அதைக் கலைக்கப் போவது வீண் வேலை. 2021 முதல் அம்மலை புலிகள் காப்பகமாயிருப்பதால் குற்றமுமாகும். மலையே சரிந்தால் மட்டும் சங்கதி வேறு. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் அவ்விதம் நேர்ந்தபோது, மண்ணோடும் பாறையோடும் வந்த மரங்கள் சூரல்மலையில் குவியல் குவியலாய்க் கிடந்தன.

நமக்குரிய வேலை மலையடியில் இருக்கிறது. பாலத்தின் கண்ணிலோ, மடைவாயிலோ, கலுங்கிலோ கட்டை அடைத்தால் நீர் பக்கவழி தேடிக் கரையை அரிக்கும். கரை உடைந்தால் ஒரு போகத்து நீர் ஓரிரவில் போய்விடும். ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்கால்களிலுள்ள கட்டைகளையும் கருவேலமுள்ளையும் பாசனக்காரர்கள் ஒன்றுகூடி அகற்றிவிட வேண்டும். யார் எடுப்பது, விறகு யாருக்கு என்ற வழக்கிலேயே புரட்டாசி கழிந்துவிடும் ஊர்கள் உண்டு. உத்தரவு பெற்று ஏலம் விட்டுத் தொகையைக் கண்மாய்க் கணக்கில் பகிரங்கமாய் எழுதிவிட்டால் அவ்வழக்குக்கு இடமில்லை.

விறகுக்கு ஆசைப்பட்டு வெள்ளத்தில் இறங்குவோர் ஒன்றறிய வேண்டும். மிதக்கும் மரம் நீருக்கு மேல் காட்டுவது சிறுபாகமே. அடியிலுள்ள கிளைகள் காலைப் பின்னிக்கொள்ளும். அடைப்பின் மேற்புறம் இறங்கினவனை நீர் கட்டைகளுக்கடியில் இழுக்கும். கீழ்ப்புறம் நிற்பவன்மேல், தேங்கிய நீரும் மரமும் ஒருங்கே பாயும். வெள்ளம் வடிந்த பின்பே அதைப் பிரிக்கலாம். அப்போதும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதே முறை.