குழி நமக்கு, லாபம் யாருக்கு?

(நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. நாலைந்து வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதெல்லாம் பத்திரிகை படித்தும், நாலு பேரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதேயாகும். ஆதலால் நான் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இன்று நான் பேச வந்தது கல்லைப் பற்றி. கல் என்றவுடன் கோயிலில் இருக்கிற கல்லைப் பற்றித்தான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். அதுவல்ல, லாரியில் போகிற கல்லைப் பற்றி.

சேலத்துக்குப் பக்கத்தில் நாம் வெள்ளைக்கல் என்கிற மாக்னசைட்டை எத்தனையோ தலைமுறையாக வெட்டினார்கள். சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாயிற்று. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் தோண்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமாயிற்று. 2008-இல் அந்த அலுமினிய உற்பத்தி நின்றது. ஆனால் மலையிலிருந்து போனது திரும்பி வந்ததா? நெல்லை அறுத்தால் மறுபோகம் விளையும். கல்லை எடுத்தால் மறுபோகம் ஏது? மிச்சம் குழிதான். ஆகையால், இப்படிப்பட்ட சொத்தை எடுத்து லாபம் அடைகிறவன், அந்த ஊருக்கும் நாட்டுக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்பது சாதாரண வரிக்கணக்கல்ல. நம் பேரன் பேத்திகளுடைய பங்குக் கணக்காகும்.

இங்கு வருகிற வழியில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "ஏனுங்க, கம்பெனிக்காரன் மேல வரி போட்டா நமக்கு என்னங்க? அதையும் ஜல்லி வெலையில சேத்து நம்ம தலையிலதானுங்களே கட்டுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் போகமாட்டேன். அதற்குமுன், இந்த வரியை நம்மிடமிருந்து எப்படி விலக்கி வைத்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

தோண்டுகிற உரிமைக்காகச் சுரங்கக்காரன் கொடுப்பதற்கு ராயல்டி என்று பெயர். 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி நிலவரியின் மேல் ஒரு செஸ் உண்டு. 1964-இல் ராயல்டியையும் நிலவரிக் கணக்கில் சேர்த்தார்கள். அதாவது, சுரங்கத்திலிருந்து கிராமத்துக்கும் கொஞ்சம் பணம் வர ஏற்பாடாயிற்று. இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி வழக்குப் போட்டது. 1989-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகள், ராயல்டி என்பதே ஒரு வரி. அதன்மேல் ராஜ்ய சர்க்கார் செஸ் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2004-இல் அதே கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள், அந்தத் தீர்ப்பில் "ராயல்டியின் மேல் போடும் செஸ் வரியாகும்" என்றிருக்க வேண்டியது, பிழையாக "ராயல்டி வரியாகும்" என்று அச்சேறிவிட்டது என்றார்கள்! சாஸ்திரத்தில்தான் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஜனங்களைக் கட்டிப்போட முடியும் என்று நினைத்திருந்தேன். சட்டத்திலும் முடியும் போலிருக்கிறது.

கடைசியாக 2024 ஜூலை 25-இல் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், ராயல்டி வரியல்ல. கனிம உரிமைக்கும் கனிம நிலத்துக்கும் ராஜ்யங்கள் வரி போடலாம் என்று சொன்னார்கள். 35 வருஷம் போய்விட்டது. பழைய பாக்கியையும் 2005 ஏப்ரல் 1 முதல்தான் கேட்கலாம். அதையும் 12 வருஷத் தவணையில் கட்டலாம். அதுவரைக்குமான வட்டியும் அபராதமும் இல்லை என்று ஆகஸ்டு 14-இல் உத்தரவாயிற்று. குடியானவன் பயிர்க்கடனுக்கு இப்படி ஒரு தவணை கேட்டுப் பார்க்கட்டும்!

இந்தத் தீர்ப்பில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கனிம உரிமையின் மேல் ராஜ்யங்கள் போடும் வரிக்குப் பார்லிமெண்டு சட்டம் செய்து வரம்பு கட்டலாம். அப்படியானால் பார்லிமெண்டின் காது யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டாமா?

கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதை 1969-இல் தடுத்தார்கள். 1985-இல் திறந்துவிட்டார்கள். 2013-இல், மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 100-க்கு ஏழரை வரை கொடுக்கலாம் என்றார்கள். 2017-இல் அந்த அளவையும் எடுத்துவிட்டார்கள். 2018 முதல் யார் யாருக்குக் கொடுத்தார் என்று வெளியே தெரியாத தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15-இல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்ற பிறகு கணக்கு வெளிவந்தது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலையைத் தன் கைக்குள் வைத்திருந்த வேதாந்தா என்னும் சுரங்கக் கம்பெனி ஏறக்குறைய 400 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது தெரிந்தது. பத்திரப் பணம் பெற்றவர்களில் ஆளும் கட்சியும் உண்டு, எதிர்க்கட்சியும் உண்டு. தமிழ்நாட்டுக் கட்சிகளும் உண்டு.

இதற்கும் முன்னே, 2014-இல் டில்லி ஹைகோர்ட், அதே வேதாந்தாவைச் சேர்ந்த கம்பெனிகளிடம் காங்கிரசும் பாரதீய ஜனதாவும் பணம் வாங்கியது அன்னிய நன்கொடைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கட்சிகள் என்ன செய்தன? 2016-இல் சட்டத்தையே திருத்தி, அந்தத் திருத்தம் 2010 முதல் செல்லும் என்றார்கள். அதுவும் போதாமல் 2018-இல், 1976 முதலே செல்லும் என்றார்கள். நம்மில் ஒருவன் தப்புச் செய்தால் தண்டனை. பணக்காரனும் கட்சியும் சேர்ந்து செய்தால், செய்த நாளிலிருந்தே அது தப்பில்லை!

இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள நோயல்ல. ஆஸ்திரேலியாவில் 2010 மே மாதத்தில், சுரங்கங்களின் அதிக லாபத்தின்மேல் 100-க்கு 40 வரி போடப் போவதாகப் பிரதமர் ரட் சொன்னார். கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து விளம்பரம் செய்தன. வரி வந்தால் வேலை போய்விடும் என்று ஜனங்களைப் பயமுறுத்தின. ஜூன் மாதத்தில் ரட் பதவியை இழந்தார். அடுத்து வந்தவர் பெரிய கம்பெனிகளோடு பேசி வரியைக் குறைத்துக்கொண்டார். அந்தக் குறைந்த வரியும் 2014-இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் நார்வே தேசத்தில் எண்ணெய் லாபத்தில் 100-க்கு 78 வரி வாங்குகிறார்கள். கம்பெனிகள் ஓடிவிடவில்லை. அந்த எண்ணெய்ப் பணத்தை வருங்காலச் சந்ததிக்கென்று ஒரு நிதியாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். காணிக்கை போடாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்பதற்கும், வரி போட்டால் தொழில் ஓடிவிடும் என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பயத்தை முதலாக வைத்து நடக்கும் வியாபாரமே.

இனிப் பெரியவர் கேள்விக்கு வருகிறேன். நம் சட்டசபை 2024 டிசம்பரில் கனிம நிலவரிச் சட்டம் செய்தது. 2025 ஏப்ரல் 4 முதல் அது அமுலுக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்பது போல வரி வைத்தார்கள். அதே மாதத்தில் குவாரி, கிரஷர் முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் கல்லுக்கு வாங்கும் சீனியரேஜ் கட்டணத்தைக் குறைத்தது. முதலாளிக்குச் சங்கம் இருக்கிறது, பேசினான், பெற்றான். வெடியில் சுவர் விரிந்த வீட்டுக்காரனுக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

டன் கணக்கில் போடும் வரியை விலையில் ஏற்றிவிடலாம் என்பது உண்மை. அது சின்ன கிரஷர்காரனையும் பெரிய கம்பெனியையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. லாபத்தின்மேல் போடும் வரியோ, லாபம் வந்த பிறகு, வந்தவனிடம் வாங்குவது. அதை வாங்குபவன் தலையில் கட்டுவது அவ்வளவு சுலபமல்ல. கம்பெனி லாபத்துக்கு வருமான வரி போடும் அதிகாரம் டில்லியிடம் இருக்கிறது. ஆனால் கனிமத்தின் மதிப்பை அளவாக வைத்து நிலவரி போடலாம் என்று 2024 தீர்ப்பே சொல்லுகிறது. விலை ஏறினால் வரியும் ஏற வேண்டும்; விலை விழுந்தால் வரியும் இறங்கட்டும். நாம் கேட்க வேண்டியது இதுதான்.

தோழர்களே! 2015-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெரிய கனிமங்களின் பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 100-க்கு 30-ம், புதியவர்கள் 10-ம் ஜில்லா கனிம நிதிக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகவே உள்ள பணம் அது. உங்களில் எத்தனை பேர் அதன் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள்? கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடத்தான் கூடுகிறது. அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நம் வேலை தீர்ந்துவிட்டதா? எத்தனை டன் போயிற்று, என்ன வரி வந்தது, எந்த ஊருக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், எந்தக் கம்பெனியிடம் உன் கட்சி பணம் வாங்கியது என்று கேளுங்கள். ஒருவன் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். ஊரே கேட்டால் அதற்குத்தான் பொதுஜன அபிப்பிராயம் என்று பெயர்.

குழி தலைவிதியால் வந்ததல்ல. யாரோ கணக்குப் போட்டுத் தோண்டியது. அந்தக் கணக்கை நாமும் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.