மிதிவண்டியில் உலகம் சுற்றியவர்

காளவாசலிலிருந்து தேனிச் சாலையில் மிதிவண்டியில் செல்வோர், செக்கானூரணியை எட்டுமுன் நாவறண்டு ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையை நாடுவர். உலகையே இவ்வாறு பிறர் வாயிலை நம்பிச் சுற்றப் புறப்பட்டவர் இராம்நாத் பிசுவாஸ் என்னும் வங்காளியர். சில்ஹெட் பகுதியில் 1894-இல் பிறந்தவர். 1931 ஜூலை 7-ஆம் நாள் சிங்கப்பூர்க் குயீன் தெருவில் சீக்கியர் கோயில் முன் இந்தியர்கள் கூடி வழியனுப்பத் தன்னந்தனியே கிளம்பினார். உடன் கொண்டவை இரண்டு போர்வைகள், ஒரு சோடிச் செருப்பு, வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிப்பெட்டி, அவ்வளவே.

அப்பெட்டியின்மேல் 'உலகம் சுற்றும் இந்துப் பயணி' என ஆங்கிலத்தில் பொறித்திருந்தார். உள்ளிருந்த கருவிகளினும் வெளியிருந்த எழுத்தே அவருக்கு மிகுதியும் உதவியிருக்கும் என்பது என் துணிபு. அந்தி வேளையில் அயலான் ஒருவன் வாயிலில் நின்றால், "இவன் யார்? எங்குப் போகிறான்?" என்றுதானே இல்லத்தார் ஐயுறுவர்? கேளாமுன்னரே விடை கூறிவிட்டது அப்பெட்டி. மங்கம்மாள் சத்திரம் கண்ட மதுரையார் நாம். விருந்தினரை ஏற்கும் கலை அறிவோம். விருந்தினராய்ச் சென்று நிற்கும் கலை வேறு. அதனை ஏனோ நாம் பள்ளியில் கற்பிப்பதில்லை.

மலேயா, சயாம், சீனம், ஜப்பான் வழியாகக் கனடா வரை சென்று 1934-இல் ஊர் திரும்பினார். பின்னர் ஆப்கானிஸ்தானம் வழியே இங்கிலாந்து சென்றதில் உடல் நலிந்தது. 1936-இல் கப்பலேறித் தாயகம் வந்தார். அத்துடன் அமர்ந்தாரா? 1938-இல், நாற்பத்து நான்காம் வயதில், ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்!