முதல் கையெழுத்து

1881 பிப்ரவரி 2 அன்று மாலை, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், வில்லிஸ்டன் சபைப் போதகர் பிரான்சிஸ் கிளார்க் இளையோரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அவர் மனைவி பிஸ்கட் சுட்டு வைத்திருந்தார். கிளார்க் ஓர் உறுதிமொழித் தாளை வாசித்தார். வாரந்தோறும் கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தால் சும்மா உட்காராமல் ஏதேனும் பங்கெடுக்க வேண்டும். அறையில் பேச்சுமூச்சில்லை. கடைசியில் ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர் முதல் கையெழுத்திட்டார். பிறகு அவர் வகுப்புப் பையன்கள். கிறிஸ்தவ முயற்சி சங்கம் பிறந்தது இப்படித்தான்.

இளையோரை வரிசையாக உட்கார வைத்துப் பிரசங்கிப்பது எளிது. ஜெபம் நடத்தவும், வராதவரை வீடு தேடிப் போய் விசாரிக்கவும் அவர்களையே பொறுப்பாக்குவது கடினம். பலன் தருவது அதுதான். தடுமாறுவார்கள், ஜெபம் இரண்டே வரியில் முடிந்துவிடும். ஊழியர் உடனே ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளக் கூடாது. பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. சங்கக் கணக்கில் மகள் பத்து ரூபாய் பிழைவிட்டால், தாங்களே திருத்திக் கொடுக்காமல், பக்கத்தில் அமர்ந்து மறுபடி கூட்டச் சொல்லலாம்.

தமிழ்நாட்டுச் சபைகள் சிலவற்றிலும் இச்சங்கம் உண்டு. அதன் பொறுப்பாளர் பட்டியலில் இருபது வயதுக்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.