பெரும் பட்டியலில் ஒரு பெயர்
(படூரில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளர் நமது செங்கற்பட்டுச் சீமையில் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார். அவ்வூர்க் கணக்குகளைக் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்தனர். அவற்றுள் ஒருவர் பெயரைத் தேட வேண்டுமாயின் ஓலைக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். இன்று வரிப் பதிவேடு கணினியில் எக்செல் என்னும் விரிதாளில் இருக்கின்றது. ஆயினும் பலர் அதனையும் ஓலையைப் புரட்டுவது போலவே மேலிருந்து கீழே உருட்டிப் பார்க்கின்றனர். வரி கட்ட வந்தவரோ வேலையை விட்டு வெயிலில் காத்து நிற்கின்றார்.

கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப் விசையைத் தட்டினால் தேடும் கட்டம் ஒன்று தோன்றும். அதில் முழுப் பெயரையும் எழுத வேண்டுவதில்லை, எழுதாதிருப்பதே நன்று. ஒருவரே ஒரு பதிவில் சுப்பிரமணி, மற்றொன்றில் சுப்ரமணியம், இன்னொன்றில் சுப்பிரமணியன் என்று இருப்பார். 'ரமணி' என்று மட்டும் எழுதினால் மூவரும் அகப்படுவர். ரமணி என்னும் அம்மையாரும் உடன் வருவார், அதனால் குற்றமில்லை. தெருவுக்கு ஒரு தாள் வைத்திருந்தால், தேடலைக் கோப்பு முழுவதற்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் திறந்துள்ள தாளை மட்டுமே கணினி பார்க்கும்.

சில வேளை பெயர் கண்ணெதிரே இருந்தும் கணினி 'இல்லை' என்னும். இது பழைய எழுத்துருக்களின் விளைவு. அவற்றில் திரையில் காண்பது தமிழ். உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்தின் குறி. 2010 இல் நமது மாநில அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை ஒருமுறை அதற்கு மாற்றிவிட்டால் இத்தொல்லை தீரும். படூரில் அடுக்கு மாடிக் குடியிருப்புகள் பெருகி, வெளி மாநிலத்தவர் பெயர்கள் ஆங்கிலத்தில் ஏறுகின்றன. தமிழில் எழுதித் தேடினால் அவை எங்ஙனம் கிடைக்கும்? ஆங்கிலப் பெயருக்குத் தனி நிரல் ஒன்று வேண்டும்.

அகர வரிசைப்படுத்துவது பெரும் பயன் தருவது. 4,000 பெயர்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்துப் பாதிப் பாதியாகக் குறைத்தால் பன்னிரண்டு முறைக்குள் பெயரை எட்டிவிடலாம். ஆனால் 'கு. முனுசாமி' என்று எழுதினால் அவர் 'கு'வில் போய் நிற்பார். தலைப்பெழுத்துக்குத் தனி நிரலும், தந்தை அல்லது கணவர் பெயருக்குத் தனி நிரலும் ஒதுக்குக. ஓர் ஊரில் முனுசாமிகள் எத்தனை பேர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊராட்சியில், நான் பெயர் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன். பெயர்கள் இடம் மாறின. நிலுவைத் தொகைகள் இருந்த இடத்திலேயே நின்றன. வரியை முழுதும் செலுத்திவிட்ட ஒரு மூதாட்டிக்குக் கேட்பு அறிவிப்பு சென்றது. முடிந்து வைத்திருந்த ரசீதை அவர் அவிழ்த்து என் மேசையில் வைத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டுத் திருத்த மூன்று வாரமாயிற்று. ஆகவே அட்டவணை முழுவதையும் சேர்த்தே வரிசைப்படுத்துங்கள். அதற்கு முன் கோப்பின் படி ஒன்றை எடுத்து வையுங்கள். பெயர் கிடைத்த பின்பும் வரி விதிப்பு எண்ணை ரசீதோடு ஒத்துப் பார்த்தே பணத்தை வரவு வையுங்கள். பெயர் இருவருக்கு இருக்கலாம், எண் ஒன்றுதான்.

ஊராட்சிச் செயலாளர் கணினியை இயக்கி வைத்திருக்கின்றார். ரசீது கொண்டு வந்தவர்கள் முன்னே வாருங்கள். உங்கள் பெயரையே தேடிப் பார்ப்போம்.