மாதவிலக்கைப் பற்றி மறைக்காமல் பேசுவோம்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வீடு, தண்ணீர் என்று இதே மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்திருப்பது பெண்களின் மாதவிலக்கைப் பற்றி. நோயும் தடுப்பூசியும் அதை எப்படிப் பாதிக்கின்றன என்பதைப் பற்றி. தோழர்கள் யாரும் வெட்கப்பட்டு எழுந்து போக வேண்டாம். உங்கள் தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் உள்ள விஷயம் இது.

2021-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். பால் வெட்டும் சகோதரி ஒருவர் கோவிட் ஊசி போட்டுக்கொண்டார். அந்த மாதம் அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாக உதிரம் போயிற்று. கத்தியும் வாளியுமாக மலை ஏற முடியவில்லை. இரண்டு நாள் வீட்டில் படுத்துவிட்டார். காரணம் சொல்ல நாணப்பட்டு, தலைவலி என்று சொல்லியனுப்பினார். செக்ரோலில் 'வரவில்லை' என்று விழுந்தது. இரண்டு நாள் சம்பளம் போயிற்று. ஊசி போட்ட இடத்தில் விசாரித்தார். "இதற்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை, போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. ஊசி கர்ப்பப்பையைக் கெடுக்கிறது என்ற பேச்சு லயம் முழுதும் பரவிற்று. கலியாணத்துக்கு நின்ற பெண் ஒருத்திக்கு ஊசியே வேண்டாம் என்று வீட்டார் தடுத்தார்கள். பிறகு அவள் கோவிட் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தது அவள் நல்ல காலம்.

தவறு எங்கே? கேட்ட பெண்ணுக்குச் சரியான பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறிற்று. ஆகவே, இன்று தெரிந்துள்ளதை உள்ளது உள்ளபடி சொல்கிறோம்.

ஊசியைப் பரிசோதித்த காலத்தில், காய்ச்சல் வந்ததா, கை வலித்ததா என்று கேட்டார்கள். மாதவிலக்கைப் பற்றி முறையாகக் கேட்டுப் பதியவில்லை. பெண்கள் தாமாகக் குரல் எழுப்பிய பின்னரே ஆராய்ந்தார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பெண்களின் கணக்கைப் பார்த்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஊசிக்குப் பின் மாதவிலக்கு சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே தள்ளிப் போயிற்று. உதிரப் போக்கின் நாட்கள் கூடவில்லை. அதே ஆண்டு பல நாடுகளில் ஏறக்குறைய 20,000 பேரைப் பார்த்தார்கள், முடிவு அதுவேதான். ஊசிக்கு அடுத்த சுற்றிலேயே பெரும்பாலோருக்குப் பழைய நிலை திரும்பிற்று.

சராசரி என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று பொருளல்ல. சிலருக்கு அதிகமாகவே போயிற்று. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஃபைசர், மொடெர்னா ஊசிகளின் பக்க விளைவுகளில் 'அதிக உதிரப் போக்கு' என்பதையும் சேர்க்கச் சொல்லிற்று. பெரும்பாலும் அது கடுமையற்றது, தற்காலிகமானது என்றும், பிள்ளைப்பேற்றைப் பாதிப்பதற்குச் சான்று இல்லை என்றும் அது கூறிற்று. எனவே அந்தச் சகோதரி சொன்னது பொய்யல்ல. கர்ப்பப்பை கெடும் என்ற பேச்சுதான் பொய்.

நோய் என்ன செய்கிறது? சீனாவின் வூஹான் நகரில் கோவிட் கண்ட 177 பெண்களை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மாதவிலக்கு மாறியிருந்தது. அதுவும் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாதங்களில் சரியாயிற்று. பின்வரிசைத் தோழர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு முயன்ற 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க, கனடாப் பெண்களை ஆராய்ந்து 2022-இல் எழுதினார்கள். ஊசியால் கருத்தரிப்பு குறையவில்லை. ஆனால் ஆணுக்குக் கோவிட் வந்தால், கொஞ்ச காலத்துக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது!

இது ஏன் நேர்கிறது? மூளையிலிருந்து சூலகத்துக்குக் கட்டளை போகிறது. அதன்படி மாதக் கணக்கு நடக்கிறது. காய்ச்சல், கவலை, உடல் மெலிவு எல்லாம் அந்தக் கட்டளையைக் கலைக்கும். கர்ப்பப்பையின் உட்சுவரிலும் நோயை எதிர்க்கும் அணுக்கள் உண்டு. ஊசியோ நோயோ அவற்றைத் தட்டியெழுப்பலாம். பால் மரத்தை நாம் அறிவோம். இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. மரம் பட்டுவிட்டது என்று வெட்டிச் சாய்க்கிறோமா? புதுத் தளிர் வந்ததும் பால் திரும்புகிறது.

ஆனால் எல்லாவற்றையும் 'தானாகச் சரியாகும்' என்று விட்டுவிடவும் கூடாது. நம் தோட்டங்களில் கோவிட்டைவிடப் பழைய எதிரி டிங்கிக் காய்ச்சல். அது இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் மாதவிலக்கு வந்தால் உதிரம் அளவுக்கு மீறிப் போகலாம். காய்ச்சல் தணியும் நாளே ஆபத்தான நாள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, அதிக உதிரம், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் மாத்திரைகளைத் தொடக்கூடாது. அவை உதிரத்தைக் கூட்டும். மருத்துவரிடம் "எனக்கு இப்போது மாதவிலக்கு" என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் சிலவற்றைக் கவனியுங்கள். மணிக்கு ஒரு பட்டை நனைந்து, அது சில மணி நேரம் நீடித்தால் போங்கள். ஏழு நாளுக்கு மேல் போனால் போங்கள். மூன்று மாதம் வராவிட்டால் போங்கள். விலக்கு நின்றுபோன தாய்மாருக்கு ஒரு துளி கண்டாலும் போங்கள். அதை ஊசியின் தலையில் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்.

இன்னொன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்துக்கு மூவர் இரத்தச் சோகை உள்ளவர்கள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பில் மேலும் உதிரம் போனால், மரத்தடியில் மயங்கி விழ நேரும். கிளினிக்கில் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முருங்கைக்கீரையும் நெத்திலியும் சாப்பிடுங்கள். ஆனால் சோகை முற்றியிருந்தால் அது மட்டும் போதாது. கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை முடியும்வரை விழுங்குங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

இனி உரிமை. மாதவிலக்குக்கு என்று தனி விடுப்பு நம் சட்டத்தில் இல்லை. அண்டை நாடான இந்தோனேசியாவின் 2003-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், வலி உள்ள பெண்களுக்கு முதல் இரண்டு நாளுக்கு இடம் தருகிறது. நாமும் அதைக் கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் கையில் உள்ளதை விட்டுவிடக்கூடாது. தீபகற்பத்தின் தொழில் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவரின் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் இருந்தால், சீட்டு இருந்தும் பயனில்லை. அந்தச் சகோதரி தலைவலி என்று சொல்லியனுப்பாமல், மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லிச் சீட்டு வாங்கியிருந்தால், இரண்டு நாள் சம்பளத்துக்காக நாம் வாதாடியிருக்க முடியும்.

ஆகவே தாய்மார்களே, நான்கு காரியம் செய்வோம். மாதந்தோறும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்போம். ஊசி வேண்டியபோது பயமின்றிப் போட்டுக்கொள்வோம். மாற்றம் கண்டால் மருத்துவரிடம் சொல்லிப் பதியவைப்போம். நம் பெண் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்போம்.

தோழர்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. அந்த நாளில் வீட்டில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். வீட்டில் ஒரு சுமையைப் பங்கிடாதவன் சங்கத்தில் ஒற்றுமை பேசுவது அழகல்ல.

வெட்கம் நமக்கு ஒரு சல்லிக்கூடச் சம்பாதித்துத் தந்ததில்லை. வாய்திறந்து கேட்டுத்தான் இதுவரை எதையும் பெற்றோம். இதையும் கேட்டே பெறுவோம்.