கலை வாழ்வும் கழகப் பணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சர்வகலாசாலையில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவனை இந்த மேடையில் ஏற்றி, வயதிலும் அறிவிலும் மூத்த உங்கள் முன் பேசும்படி பணித்திருக்கின்றீர்கள். நான் படித்து அறிந்தது சிறிது; பட்டு அறிந்தது அதைவிடச் சற்றுக் கூட. ஆகவே பட்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன்.

எங்கள் ஊர் நாடக மன்றத்தில் சில ஆண்டுகளாக நான் நடிகன், காரியதரிசியும் நானே. சென்ற வருடம் கோயில் திருவிழாவின்போது அரிச்சந்திர மயான காண்டம் மேடையேறிற்று. அரிச்சந்திரன் வேடம் எனக்கு. முகத்தில் பூச்சுப் பூசி, தோளில் தடியைச் சாத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்ற வேளையில் ஒலிபெருக்கிக்காரர் வந்து, முற்பணம் போக மிகுதியைத் தந்தால்தான் கருவியை இயக்குவேன் என்றார். பணம் தனாதிகாரியிடம் இருந்தது. தனாதிகாரி எங்கே என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. நான் வேடத்தோடு வீதிக்கு ஓடி, தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்துவிட்டு மேடைக்கு மீண்டேன். சந்திரமதி மகனின் உடலைக் கிடத்திப் புலம்புகின்றாள். சுடலைக் காவலன் பாடிக்கொண்டு வரவேண்டும். எனக்கோ பாட்டின் முதலடியே வரவில்லை. ஆர்மோனியக்காரர் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் முறைதான் வாய் திறந்தது.

நாடகம் முடிந்ததும் அண்ணாவியார் என்னை அழைத்தார். "தம்பி, இண்டைக்கு அரிச்சந்திரன் சுடலையிலை நிக்கேல்லை. ஒலிபெருக்கிக்காரனிட்டைத்தான் நிண்டவன்" என்றார். அவர் கோபிக்கவில்லை; ஆதலால்தான் அது எனக்கு அதிகம் வலித்தது. இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன். எதை விடுவது என்பதுதான் விளங்கவில்லை. நடிப்பை விட்டால் எனக்கு மன்றம் எதற்கு? மன்றத்தை விட்டால் நான் எந்த மேடையில் நடிப்பது?

இந்தக் கேள்வியோடு நூல்நிலையத்தில் தேடியபோது எனக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் மகாகவி இரவீந்திரநாத தாகூர். அவரைக் கவிஞர் என்று நாம் எல்லோரும் அறிவோம். நாற்பது ஆண்டுக் காலம் ஒரு நிறுவனத்தின் செலவுக்குப் பணம் தேடியவர் என்று அவரை நினைப்போர் சிலரே.

1901ஆம் ஆண்டு டிசெம்பரில், வங்காளத்துப் போல்பூருக்கு அருகே, தந்தையார் தேவேந்திரநாதர் அமைத்திருந்த சாந்திநிகேதன ஆசிரமத்தில் ஐந்து மாணவரோடு ஒரு பள்ளிக்கூடத்தை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 40. தொடக்கத்தில் மாணவரிடம் கட்டணம் வாங்கவில்லை. செலவுக்காகப் பூரியில் இருந்த தம் வீட்டை விற்றார். மனைவியார் மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த ஆண்டிலேயே அவ்வம்மையார் காலமானார். 1903இல் ஒரு மகளும் 1907இல் இளைய மகனும் இறந்தனர். இத்தனை துயரத்திலும் பள்ளிக்கூடம் நிற்கவில்லை, எழுத்தும் நிற்கவில்லை. 'கோரா' என்னும் பெரிய நாவலும் வங்காள மொழிக் 'கீதாஞ்சலி'யும் 1910இல் நூலாக வெளிவந்தன. 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பணத்தைத் தம் பதிசர் கிராமத்தில் விவசாயிகளுக்காக நடத்திய வங்கியில் இட்டு, அதன் வட்டி பள்ளிக்கூடத்துக்குச் சேரும்படி செய்தார்.

நிறுவனம் என்பது கலைஞனுடைய இரத்தத்தை உறிஞ்சும் அட்டை என்று நம்மில் சிலர் பேசுவதுண்டு. நானும் அந்த நாடக இரவுக்குப் பின் அப்படித்தான் பேசித் திரிந்தேன். தாகூரின் வாழ்க்கை அது முழு உண்மையன்று என்று காட்டுகின்றது. 1908இல் வந்த 'சாரதோற்சவம்' ஆசிரமத்து மாணவர் நடிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம். மழைக்காலத்துக்கு ஒரு விழா, வசந்தத்துக்கு ஒரு விழா என்று அங்கே பருவந்தோறும் கொண்டாடினார்கள். அவ்விழாக்களுக்காகப் புதிய பாட்டுக்கள் பிறந்தன. முதுமையில் அவர் உருவாக்கிய சித்திராங்கதா, சண்டாளிகா, சியாமா ஆகிய நாட்டிய நாடகங்களை ஆடியவர் சாந்திநிகேதனத்து மாணவ மாணவியரே. அந்தக் கால்களும் குரல்களும் அவருக்கு அருகில் இராவிட்டால் அவை ஏட்டிலே தங்கியிருக்கும். ஆகவே, அவர் நிறுவனத்துக்குக் கொடுத்தார். நிறுவனமும் அவருக்குக் கொடுத்தது.

ஆனால் அது எடுத்துக்கொண்டதும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. 1916-17இல் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டும் நோக்கத்தோடு அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தார். 1920-21இல் மீண்டும் போனார். எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. 1921இல் விஸ்வபாரதி என்னும் சர்வகலாசாலையாக நிறுவனம் விரிந்தபின் செலவு இன்னும் பெருகிற்று. அதனால் மாணவரையும் அழைத்துக்கொண்டு நாடகக் குழுவாகவே புறப்பட்டார்.

அப்படி ஒரு பயணந்தான் 1934ஆம் ஆண்டு அவரை நமது இலங்கைக்கும் கொண்டு வந்தது. அப்போது அவருக்கு வயது 73. 'சாபமோசனம்' என்னும் நாட்டிய நாடகம் கொழும்பில் மேடையேறிற்று. யாழ்ப்பாணத்துக்கும் அவர் வந்து சென்றார். மே மாதம் 20ஆந் திகதி ஹொரணையில் சிறீ பாலி என்னும் கலாநிலையத்துக்கு அத்திவாரக்கல் நாட்டினார். அவ்விடத்தில் இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறீ பாலி வளாகம் நடைபெறுகின்றது. இத்தனை அலைச்சலுக்கும் நடுவே, கண்டியில் தங்கியிருந்த நாட்களில், 'நான்கு அத்தியாயங்கள்' என்று பொருள்படும் 'சார் அத்தியாய்' என்னும் நாவலையும் எழுதி முடித்தார் என்று அறியும்போது நமக்கு வியப்பாக இருக்கின்றது. விடியுமுன் எழுந்து தனியே அமரும் வழக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. பகலிலே ஊர் அவரைக் கேட்கும். ஊர் விழிக்குமுன் உள்ள வேளையை அவர் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

இனி நான் உங்களை நினைத்துப் பார்க்கும்படி கேட்பது 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை. சித்திராங்கதா குழுவோடு பணம் திரட்டிக்கொண்டு அவர் டில்லிக்கு வந்திருந்தார். எழுபத்தைந்தை நெருங்கிய வயது, தளர்ந்த தேகம். இதைக் கண்டு மனம் வருந்திய காந்தியடிகள், நன்கொடையாளர் ஒருவரிடமிருந்து 60,000 ரூபாவைப் பெற்றுக் கொடுத்து, இனி இந்த அலைச்சல் வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பினார். 1940இல் காந்தியடிகள் சாந்திநிகேதனத்துக்கு வந்து திரும்பும்போது, விஸ்வபாரதியைக் காப்பாற்றும்படி வேண்டித் தாகூர் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7ஆந் திகதி தாகூர் மறைந்தார். விஸ்வபாரதியை மத்திய அரசாங்கத்தின் சர்வகலாசாலையாக ஏற்கும் சட்டம் 1951இல்தான் வந்தது. 2023இல் சாந்திநிகேதனம் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து நாம் படிக்கவேண்டியது என்ன? தாகூர் வேலைகளைப் பகிராதவர் அல்லர். ஓவியக் கலைக்கு நந்தலால் வசு இருந்தார். 1922இல் சிறீநிகேதனத்தில் கிராமப் பணியைத் தொடங்கி நடத்த எல்ம்ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் வந்தார். பாட்டுக்களின் மெட்டு மறக்காமல் இசைக்குறி எழுதிக் காத்தவர் உறவினரான தினேந்திரநாதர். நிர்வாகத்தில் மகன் இரதீந்திரநாதர் கை கொடுத்தார். ஆட்டத்தைப் பகிர்ந்தார்கள், ஓவியத்தைப் பகிர்ந்தார்கள், கணக்கையும் பகிர்ந்தார்கள். உண்டியல் மட்டும் கடைசிவரை கிழவரின் கையிலேயே இருந்தது. அது அவருடைய குற்றமன்று. கவிஞரே வந்து கேட்டாற்றான் கொடுப்போம் என்றிருந்த சமுதாயத்தின் குற்றம் அது.

நமது நாட்டிலே வேறொரு முன்மாதிரி உண்டு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கூத்துக்குப் புத்துயிர் கொடுத்த கதையை இங்குள்ள பெரியோர் நன்கறிவர். 1962இல் 'கர்ணன் போர்', அதன்பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று அந்த வரிசை தொடர்ந்தது. ஆட்டமும் தாளமும் மட்டக்களப்பு மண்ணின் சொத்து. அதைப் பழக்கியவர் அண்ணாவியார். ஆடியவர் மாணவர். ஒத்திகைக்கு இடம், மேடை, கால ஒழுங்கு, பெரியவர்களோடு பேச்சு ஆகியவை பேராசிரியரின் சுமை. அண்ணாவியாரை நன்கொடைப் புத்தகத்தோடு வீதிக்கு அனுப்பியிருந்தால் அந்த மத்தள ஒலியை நாம் கேட்டிருக்க முடியுமா?

சகோதரர்களே, இனி நம்மிடம் வருகின்றேன். சங்கத்தின் கலைப் பகுதி இளைஞரின் ஆர்வத்தால் நடக்கின்றது. ஆர்வமுள்ளவனையே காரியதரிசியாக்குகின்றோம், நன்றாகப் பாடுகின்றவளிடமே நுழைவுச்சீட்டுப் புத்தகத்தையும் கொடுக்கின்றோம். இரண்டு வருடத்தில் அவர்கள் களைத்து ஒதுங்கிவிடுகின்றார்கள். பின்பு, இளைஞருக்கு ஊக்கமில்லை என்று குறைகூறுகின்றோம்.

சிறியவன் என்ற உரிமையோடு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கின்றேன். முதலாவது, மேடையேறும் மாதத்தில் நடிகன் எவனும் பணத்தைக் கையாளக்கூடாது. அந்த மாதப் பொறுப்பை நடிக்காத ஒருவர் ஏற்கவேண்டும். இரண்டாவது, காரியதரிசிப் பதவி இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவரிடம் நிற்கக்கூடாது. இளையவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பழகிக்கொண்டே வரவேண்டும். மூன்றாவது பெரியோர்களாகிய உங்களுக்கு. நாடகத்துக்கு நாடகம் நாங்கள் உங்கள் படலையைத் தட்டவேண்டிய நிலை மாறவேண்டும். சிறு தொகையாயினும் ஆண்டுச் சந்தாவாகத் தைமாதத்திலேயே தந்துவிடுங்கள். நாங்கள் வரவுசெலவைப் பகிரங்கமாக வைப்போம். நீங்கள் தட்டிக் கேட்கலாம்.

கலைஞராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கணக்கெழுதுவதும் கதிரை அடுக்குவதும் நமக்கு இழிவு என்று எண்ணலாகாது. நான் சிறுவயதில் மிஷன் பாடசாலையில் மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் கதையைக் கேட்டிருக்கின்றேன். ஒருத்தி வீட்டு வேலையில் தவித்தாள். மற்றவள் குருவின் வாக்கைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தாள். அமர்ந்திருந்தவளே நல்லதைத் தெரிந்துகொண்டாள் என்று அக்கதை கூறும். ஆயினும் மார்த்தாள் இராவிட்டால் அன்று விருந்தாளிக்கு உணவேது என்று நான் அப்போதே நினைத்ததுண்டு. நமது சமயத்தில் இந்த இரண்டையும் ஒருவரிடமே காண்கின்றோம். அப்பர் பெருமான் பதிகம் பாடியவர். உழவாரப் படை ஏந்திக் கோயில் வீதியைச் செதுக்கியவரும் அவரே. கையிலிருந்த உழவாரம் அவருடைய நாவை அடைக்கவில்லை.

அண்ணாவியார் சொன்ன சொல் என் காதில் இன்னும் இருக்கின்றது. எதை விடுவது என்ற கேள்விக்கு இப்போது ஒரு விடை கண்டிருக்கின்றேன். வரும் பொதுக்கூட்டத்தில் காரியதரிசிப் பதவியை, நடிக்க விருப்பமில்லாத, ஆனால் நாடகத்தில் விருப்பமுள்ள ஒரு தம்பியிடம் ஒப்படைக்கின்றேன். மன்றத்தை நான் விட்டுப் போகவில்லை. நாடகம் முடிந்தபின் கதிரை அடுக்குவதற்கு என்னைக் கூப்பிடலாம். நாடகத்துக்கு முன்னால் மட்டும் கூப்பிடவேண்டாம். அடுத்த திருவிழாவில் அரிச்சந்திரன் சுடலையிலேயே நிற்பான்.